பனி விழும் ஓசையை எப்படி வரைவது?

சாமுராய் ஜாக் காமிக்ஸ்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது என்ன என்று தெளிவாகச் சொல்லத் தெரியாமலே நெடுநாள் சுமந்துகொண்டிருந்தேன். தன் காலத்திலிருந்து எதிர்காலத்துக்கு வீசப்பட்ட ஒரு சாமுராய் வீடு திரும்ப வழி தேடும் அமெரிக்க கார்ட்டூன் தொடர் சாமுராய் ஜாக். அதை வைத்து ஐடிடபிள்யூ என்ற அமெரிக்கப் பதிப்பகம் 2013 அக்டோபரில் தொடங்கி 2015 மே வரை 20 இதழ்களாக வெளியிட்ட வரிசை அது. எழுதியவர் ஜிம் ஸப். கனடாக்காரர், அனிமேஷன் கற்பிக்கும் ஆசிரியரும்கூட. பெரும்பாலான இதழ்களை வரைந்தவர் ஆண்டி சூரியானோ. மூலத் தொடரிலேயே கதாபாத்திர வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். வெளியாள் யாரோ உரிமம் வாங்கி ஒப்பேற்றிய சரக்கு அல்ல இது. சூரியானோவின் தூரிகையில், ஜாக்கை அப்படி வீசிய பூதமான அகு வளைந்து நெளிந்து பக்கத்தையே விழுங்குவதைப் பார்க்க அவ்வளவு இன்பமாக இருக்கும். எரியும் புருவம், பச்சை முகம், கரிய உடல் எல்லாம் நாம் அறிந்த அகுதான், ஆனால் கொஞ்சம் கூடுதல் துள்ளலோடு. ஜாக்கின் கண்ணியம் அப்படியே இருக்கிறது. ஜாக்கின் நண்பன் ஸ்காட்டிஷ்காரன் வருகிறான், வாய் ஓயாமல் வைகிறான். குறை என்று விரல் நீட்ட இடமே இல்லை. ஆனாலும் முதல் தொகுதியை முடித்ததும், ஒரு எபிசோட் முடிந்த பிறகு வழக்கமாக எனக்குள் பரவும் அந்த அமைதி வரவில்லை. கதை தெரிந்துகொண்ட திருப்தி மட்டும் இருந்தது.

இதை மறந்துவிட்டிருப்பேன். என் அக்கா மகன் விடவில்லை. கல்லூரி முதலாண்டு படிக்கிறான். ஜாக் தொடரின் ஒரு எபிசோடைக்கூடப் பார்க்காமல், என் அலமாரியில் இருந்த காமிக்ஸ் தொகுதிகளை எடுத்து ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டான். பிடித்துப்போய், மூலத் தொடரையும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தான். மூன்றாம் எபிசோடுக்குள் என்னிடம் வந்து, "மாமா, புக்குல ஜாக் எவ்வளவு நல்லா பேசுறான். டிவில ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறான்? நடக்குறான், நடக்குறான், நடந்துகிட்டே இருக்கான்" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே அவனுக்கு ஏதோ குறைந்தது. எனக்கு எது கூடுதல் என்று பட்டதோ அதுவே அவனுக்குக் குறைவு. நான் தேடிக்கொண்டிருந்த மனத்தாங்கலுக்கு அவன் ஒரு முனை எடுத்துக் கொடுத்தான்.

அந்த நடையில்தான் எனக்கு எல்லாமே இருந்தது. 2001 ஆகஸ்டில் அமெரிக்காவில் தொடங்கிய தொடர், கொஞ்ச காலத்தில் நம் ஊர் கார்ட்டூன் நெட்வொர்க்கிலும் வந்தது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் யாருக்கும் டிவி ஆங்கிலம் பிடிபடாது. மற்ற கார்ட்டூன்களில் வசனம் ஓடும் வேகத்தில் பாதிக் கதையை நாங்களே இட்டுக்கட்டிக்கொள்வோம். ஜாக்கில் அந்தச் சிரமமே இல்லை. பாலைவனத்தில் ஒரு மனிதன் நடக்கிறான், காற்று அடிக்கிறது, தொலைவில் ஏதோ அசைகிறது, அவன் வாளின் பிடியில் கை வைக்கிறான். இதற்கு எந்த மொழி வேண்டும்? ஆச்சிகூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "இவன் எப்பம்ல வீட்டுக்குப் போய்ச் சேருவான்?" என்று கேட்பாள். தொடரின் மொத்தக் கதையும் அந்த ஒரு கேள்விதான், அவளுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அதே ஆச்சியின் கையில் காமிக்ஸைக் கொடுத்திருந்தால் அவள் ஒரு பக்கம்கூடத் தாண்டியிருக்க முடியாது. வசனமே இல்லாமல் கடல் கடந்து வந்த ஒரு தொடர், புத்தகமானதும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. இது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

எழுதிய கதையும் வரைந்த கதையும்

சாமுராய் ஜாக்கை உருவாக்கிய கெண்டி டார்டகோவ்ஸ்கி, மாஸ்கோவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவருடைய தொடர்கள் செய்யப்படும் முறை தனி. வழக்கமான டிவி தொடரில் எழுத்தாளர் முழு வசனப் பிரதி எழுதுவார், அதைப் படம் போடுபவர்கள் படமாக்குவார்கள். ஜாக்கில் அப்படி இல்லை. சில பக்கக் கதைச் சுருக்கம் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஸ்டோரிபோர்டு ஓவியர்கள் சுவரில் படங்களாகவே கதையைக் கட்டுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே திரையைப் பிளப்பது, எங்கே வாய் திறப்பது என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது பென்சில் பிடித்த கைதான். படத்தால் சொல்ல முடிந்த எதையும் அந்தக் கை வசனத்துக்கு விட்டுக்கொடுக்காது. ஓவியனின் இயல்பு அது. 52 எபிசோடுகளிலும் வசனம் அவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் ஏதோ ஒரு கொள்கை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது வேலைமுறையிலிருந்து தானாகவே வந்த பலன் என்றுதான் படுகிறது.

காமிக்ஸ் இதற்கு நேர் எதிர்த்திசையில் பயணிக்கிறது. அமெரிக்க மாத இதழ்களில் பொதுவான ஏற்பாடு, எழுத்தாளர் பக்கம் பக்கமாகக் கட்டம் கட்டமாகப் பிரதி எழுதித் தருவது. ஓவியர் அதை வரைவது. மை இடுபவர், வண்ணமிடுபவர், எழுத்துப் பதிப்பவர் என்று கை மாறிக்கொண்டே போவது. ஸப் தேர்ந்த எழுத்தாளர். முதல் தொகுதிக்கு அவர் பிடித்த கதைமுடிச்சே அழகானது. யுகங்களின் கயிறு என்று ஒன்று இருக்கிறது, அதன் இழைகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன, அவற்றைச் சேர்த்துவிட்டால் ஜாக் தன் காலத்துக்குத் திரும்பலாம். ஒவ்வோர் இழைக்கும் ஒரு காவலாள், ஒரு சண்டை, ஒரு சோதனை. ஐந்து இதழுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பாருங்கள், இது சொல்லிப் புரியவைக்க வேண்டிய கதை. கயிறு என்றால் என்ன, இழை எங்கே இருக்கிறது, அதற்கு என்ன சக்தி என்று யாராவது ஜாக்கிடம் விளக்கியாக வேண்டும், ஜாக் பதில் சொல்லியாக வேண்டும். பேச்சு பலூன் அங்கேயே உள்ளே நுழைந்துவிடுகிறது. தொடரிலும் மாயக் கிணறு, காலவாசல் என்று இதே மாதிரி பொருட்கள் வரும். அவற்றை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை அங்கே போய்ச் சேரும் வழிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பக்கக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஓர் எபிசோட் ஏறக்குறைய 22 நிமிடம். ஓர் இதழ் 20 பக்கம், சில சமயம் 22. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே அளவு அல்ல. டிவியில் 3 நிமிடம் ஒருவன் பனியில் நடப்பதைக் காட்டினால் பார்ப்பவன் கூடவே நடப்பான். காமிக்ஸில் அதற்கு இணையாக 3 பக்கம் நடக்கவிட்டால் வாசகன் 10 நொடியில் புரட்டிவிட்டு, கொடுத்த 3 டாலர் 99 சென்ட்டுக்கு ஏழில் ஒரு பங்கு போய்விட்டதே என்று நினைப்பான். கடைக்காரரும் பதிப்பாளரும்கூட அப்படித்தான் நினைப்பார்கள். அடுத்த மாதம் அவன் திரும்பி வர வேண்டும் என்றால் இந்த மாதம் ஏதாவது நடந்தாக வேண்டும். எழுதியவரையோ வரைந்தவரையோ இதற்குப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. அந்த வடிவம் மௌனத்துக்கு விலை போட்டு வைத்திருக்கிறது.

மூன்று குருட்டு வில்லாளிகள்

எபிசோட் ஏழு. ஜாக்கைத் தெரிந்தவர்களுக்கு இந்த எண் போதும். ஒரு கோபுரம், அதன் உச்சியில் மூன்று வில்லாளிகள், அவர்கள் காவலில் ஒரு வரம் தரும் கிணறு. தொடக்கத்தில் ஒரு பெரிய படையே அணிவகுத்து வந்து அம்புமழையில் அழிகிறது. ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஜாக் வருகிறான், அவனும் பின்வாங்குகிறான். வில்லாளிகளுக்குக் கண் தெரியாது, காதால் குறிபார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவரும்போது, அவன் பனியில் உட்கார்ந்து தன் கண்களைக் கட்டிக்கொள்கிறான். திரை கறுப்பாகிவிடுகிறது. முதலில் ஒன்றும் கேட்பதில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஓசைகள் பிரிந்து வருகின்றன. கடைசியில் பனி விழும் ஓசை. பனி விழுவதற்கு ஓசை உண்டு என்று சிறுவயதில் எனக்குச் சொன்னது அந்த எபிசோட்தான். பனியையே பார்த்திராத ஊரில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

இந்தக் காட்சியை மட்டும் காகிதத்துக்குக் கொண்டுவரவே முடியாது என்பதுதான் மருமகனிடம் நான் வைத்த வாதம். ஓசைதான் கதை, காகிதத்துக்கு ஓசை இல்லை, முடிந்தது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "டிரை பண்ணிப் பாருங்க மாமா" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் அந்த எபிசோடை ஓசையை அணைத்து ஓடவிட்டு, ஒவ்வொரு ஷாட்டிலும் நிறுத்தி, நோட்டில் கட்டம் போட்டுக் குறிக்கத் தொடங்கினோம். எனக்கு வரையத் தெரியாது. அவனுக்கு ஓரளவு வரும். வட்டமும் கோடுமாக வரைந்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டோம்.

பத்து நிமிடத்தில் எங்களுக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் கட்டம் போட வேண்டிய அவசியமே இல்லை. கட்டம் ஏற்கெனவே போட்டிருந்தது. அகலத் திரையாகச் சுருங்கும் சட்டகம், செங்குத்தாக மூன்றாகப் பிளக்கும் திரை, ஒரு பட்டையில் கண், இன்னொரு பட்டையில் வில், மூன்றாவதில் இழுபடும் நாண். சதுரமான பழைய டிவித் திரைக்குள் டார்டகோவ்ஸ்கி குழுவினர் கறுப்புப் பட்டைகளால் வெட்டி வெட்டிப் பக்க அமைப்பு செய்திருந்தார்கள். அம்பு ஒரு கட்டத்தில் கிளம்பி இன்னொரு கட்டத்தில் தைக்கிறது. நடுவில் உள்ள கறுப்பை நம் கண்தான் தாண்டுகிறது. காமிக்ஸில் கட்டங்களுக்கு இடையே உள்ள வெள்ளைச் சந்து செய்யும் அதே வேலையை இங்கே கறுப்புச் சந்து செய்கிறது. உருவங்களுக்கு வெளிக்கோடு இல்லை, தட்டையான வண்ணப் பரப்புகள் மட்டும். பின்னணியோ ஸ்காட் வில்ஸ் மேற்பார்வையில் தீட்டப்பட்ட ஓவியங்கள், தனியாக எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம். ஓசையை அணைத்த பிறகு என் மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட ஒரு காமிக்ஸ்.

கறுப்புத் திரை வரும் இடத்தில் மருமகன் நோட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பென்சிலால் தீட்டிக் கறுப்பாக்கினான். அடுத்த பக்கத்தையும். மூன்றாவது கறுப்புப் பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் சிறிய வெள்ளைப் புள்ளி விட்டான். அடுத்ததில் இரண்டு. அதைத் திருப்பிப் பார்த்தபோது கறுப்புப் பக்கத்தில் என் கண் நின்றது, படிக்க ஒன்றும் இல்லாததால் காது விழித்துக்கொண்டது. தெருவில் ஸ்கூட்டர் போவது, குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி. டிவியில் ஜாக் கேட்பதை நான் கேட்டேன். இந்த நோட்டில் நான் கேட்பதை நான் கேட்டேன். அது பனி அல்ல, ஆனால் ஜாக் அந்தப் பனியில் உட்கார்ந்து என்ன செய்தானோ அதையே நானும் செய்துகொண்டிருந்தேன். என் வாதம் அங்கே நின்றுவிட்டது. காகிதத்தால் முடியும். ஆனால் அதற்கு 4 பக்கம் கறுப்பாக அச்சடிக்கத் துணிய வேண்டும். 20 பக்க இதழில் 4 பக்கம்.

காகிதத்திலிருந்து வந்தவன்

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே வேறு வரிசையில் தெரிந்தது. ஜாக்கின் பூர்வீகம் டிவி அல்ல. ஃபிராங்க் மில்லர் 1983இல் டிசி காமிக்ஸுக்காக ரோனின் என்று ஆறு இதழ் செய்தார். பழைய ஜப்பானில் தலைவனை இழந்த ஒரு சாமுராய், அவன் பின்னால் ஒரு வடிவம் மாறும் பூதம், இருவரும் எதிர்கால நியூயார்க்கில் விழித்தெழுகிறார்கள். ஜாக்கைத் தெரிந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்த மில்லருக்கே ஆதர்சம் கசுவோ கொய்கே எழுதி கோசேகி கோஜிமா வரைந்த லோன் வுல்ஃப் அண்ட் கப் என்ற மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். 1970 முதல் 1976 வரை ஜப்பானிய வார இதழில் வந்தது. 1987இல் ஆங்கிலத்தில் முதன்முதலாக வெளிவந்தபோது மில்லர்தான் அட்டைப்படம் வரைந்தார். 2004 செப்டம்பரில் ஜாக்கின் முதல் ஓட்டம் முடிந்த எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் குழந்தையோடு அலையும் சாமுராய். கைக்குழந்தையோடு கொலைப்பாதையில் நடக்கும் லோன் வுல்ஃபின் நாயகன் இட்டோவுக்குச் செலுத்திய வணக்கம் அது. அந்தக் குழந்தைக்கு ஜாக் பீச்சுப் பழத்தில் பிறந்த மொமொதாரோவின் கதையைச் சொல்கிறான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசும் இடங்கள் குறைவு. பேச வேண்டிய இடம் அதுதான் என்று அந்த ஓவியர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கோஜிமாவின் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். இருவர் புல்வெளியில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு பக்கம் புல். ஒரு பக்கம் கால்விரல்கள். ஒரு பக்கம் மேகம். இரு பக்கம் முழுக்க ஒரே ஒரு வீச்சு. பிறகு மறுபடியும் புல். ஒரு சொல் கிடையாது. 28 தொகுதிகள் ஓடிய கதையில் இதற்கெல்லாம் இடம் இருந்தது. வாரந்தோறும் வெளிவரும் தடித்த இதழில் பல கதைகளோடு ஒரு கதையாக வரும்போது, ஒரு அத்தியாயம் மௌனமாகக் கழிந்தாலும் வாசகன் கையை விட்டுப் போகமாட்டான். அந்தப் பொருளாதாரம் அந்த மௌனத்தைத் தாங்கியது. அங்கிருந்து டார்டகோவ்ஸ்கி அதை அனிமேஷனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது மறுபடி காகிதத்துக்கு வந்தபோது, வந்து இறங்கிய காகிதம் வேறாக இருந்தது.

ஆகவே, அனிமேஷனைக் காமிக்ஸாக்கினால் உயிர் போய்விடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. ஜாக்கின் காமிக்ஸ் எடுத்துக்கொண்டது ஜாக்கின் பெயர்களை, பகையை, ஏக்கத்தை, தேடலை. எடுத்துக்கொள்ளாமல் விட்டது கட்டங்களை. காமிக்ஸிலிருந்தே கடனாகப் போன கட்டங்கள் அவை, எடுத்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வெளிக்கோடே இல்லாத உலகத்தை சூரியானோ கனத்த தூரிகைக் கோட்டால் வரைந்தது பற்றிச் சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் குறை இல்லை. அது அவர் கை, அதில் உயிர் துடிக்கிறது. கோடு மாறலாம். நேரம் மாறியதுதான் என் பிரச்சினை.

இதற்கு எதிராக ஒரு சாட்சி உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. டார்டகோவ்ஸ்கியே ஒரு காமிக்ஸ் எழுதி வரைந்திருக்கிறார். 2016இல் மார்வெல் வெளியிட்ட கேஜ் என்ற நான்கு இதழ் வரிசை. அதில் மௌனம் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். எழுபதுகளின் நியூயார்க், பெரிய முஷ்டிகள், பெரிய எழுத்தில் வெடிக்கும் ஓசைச் சொற்கள், சத்தமோ சத்தம். மௌனத்தின் ஆசான் காகிதத்தைக் கையில் எடுத்தபோது அவரே கத்தத்தான் செய்தார். முதலில் இது என் வாதத்தை உடைத்துவிடும் என்று நினைத்தேன். திரும்பப் படித்தபோது அந்தச் சத்தம்கூட வரைந்த சத்தமாக இருந்தது. ஓசைச் சொல்லே ஒரு கட்டிடம்போலப் பக்கத்தில் நிற்கிறது, உருவங்கள் அதில் மோதுகின்றன. கதை மிகச் சிறியது. ஓவியன் கையில் முழுப் பொறுப்பும் இருந்தால் சத்தமானாலும் மௌனமானாலும் அது படத்திலிருந்து பிறக்கும் என்பதற்கு அது சான்று. மூன்றாண்டு கழித்து அவர் ப்ரைமல் செய்தார், ஆதிமனிதனும் டைனோசரும், கிட்டத்தட்டப் பேச்சே இல்லாத தொடர். இரண்டும் ஒரே கைதான்.

இசையால் ஆன ஒரு தொடருக்கு இன்னும் மோசமாக நடந்தது. ஷினிச்சிரோ வாட்டனாபேயின் சாமுராய் சாம்ப்லூ 2004இல் வந்தது, 26 எபிசோடுகள். எடோ காலத்து ஜப்பானுக்குள் ஹிப்ஹாப் தாளம். நுஜாபெஸ் உள்ளிட்டோரின் இசை ஓடாமல் அதன் நாயகர்கள் முகனும் ஜின்னும் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அதே ஆண்டில் மசாரு கொத்சுபோ வரைந்த மங்கா இரண்டே தொகுதிகளில் முடிந்துபோனது. வேடிக்கையான, வேகமான புத்தகம். ஆனால் தாளம் எங்கே என்று தேடித் தேடிப் படித்தேன். காகிதத்திலும் தாளம் உண்டு, கட்டத்தின் அகலத்தில், ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருவதில், திடீரென்று ஒரு கட்டம் வெறுமையாக விடப்படுவதில். அதை முயன்று பார்த்ததாகவே தெரியவில்லை.

மாகோவின் குரல்

காமிக்ஸ் எனக்குத் தந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், அது தொடரால்கூடத் தர முடியாமல் போனது. அகுவுக்குக் குரல் கொடுத்தவர் மாகோ. கரகரப்பும் இழுப்பும் சிரிப்புமாக அந்தக் குரல் இல்லாவிட்டால் அகு வெறும் கறுப்பு நிழல்தான். ஒவ்வொரு எபிசோடின் முன்னுரையும் அவர் குரலில்தான் தொடங்கும். அவர் 2006இல் இறந்துவிட்டார். 2017இல் பெரியவர்களுக்கான அடல்ட் ஸ்விம் டிவியில் தொடர் திரும்பி வந்தபோது கிரெக் பால்ட்வின் அகுவுக்குப் பேசினார். நன்றாகவே பேசினார், மரியாதையோடு பேசினார். ஆனால் முதல் சொல்லிலேயே என் காது வேறுபாட்டைப் பிடித்துவிட்டது, அதன்பின் ஒவ்வொரு முறை அகு வாய் திறக்கும்போதும் இல்லாத ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே, 2013லிருந்து காமிக்ஸில் அகு பேசிக்கொண்டிருந்தான். மாகோ இறந்து ஏழாண்டுகள் ஆகிவிட்ட பிறகு. பலூனுக்குள் எழுதியிருந்ததை நான் படித்தபோது ஒலித்தது மாகோவின் குரல், வேறு யாருடையதும் அல்ல. அவர் ஒருபோதும் பேசியிராத வாக்கியங்களை, அவருக்காக எழுதப்படாத நகைச்சுவைகளை, அவரே என் காதுக்குள் பேசினார். எங்கே இழுப்பார், எங்கே சட்டென்று கத்துவார் என்று எனக்குத் தெரியும். ஸப்பும் அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்பது வாக்கியத்தின் நீட்சியில் தெரிகிறது. பேசும் காமிக்ஸ் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அகு பேசும் பக்கங்களை நான் குறைசொல்லவில்லை. அவன் எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் என் மருமகனுக்கு அந்தக் குரலே தெரியாது. அவன் படித்தபோது அகு என்ன குரலில் பேசினான் என்று கேட்டேன். "ஏதோ ஒரு வில்லன் குரல்" என்றான். ஒரே பலூனுக்குள் அவனுக்கு ஒருவன், எனக்கு ஒருவன்.

கணக்கில் வராத 20 இதழ்கள்

காமிக்ஸ் வெளிவந்துகொண்டிருந்த காலத்தில் அதுதான் ஜாக்கின் தொடர்ச்சி என்று வாசகர்கள் நம்பினார்கள், நம்புவதற்குக் காரணமும் இருந்தது. 2004க்குப் பிறகு தொடர் அந்தரத்தில் நின்றுபோய், ஜாக் வீடு திரும்பவே இல்லை. முழுநீளப் படம் வரும் என்று வந்த பேச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த வெற்றிடத்தில் இந்த 20 இதழ்களும் வந்தன. ஜாக்கின் வாள் உடைந்தது, அவன் அதைத் தேடி நடந்தான், வாசகர்கள் மாதம் மாதம் கூடவே நடந்தார்கள். 2015 மே மாதம் வரிசை முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், தொடர் திரும்பி வருகிறது என்ற அறிவிப்பு வந்தது. 2017 மார்ச்சில் வந்த புதிய பருவம் காமிக்ஸைக் கண்டுகொள்ளவில்லை. 50 ஆண்டுகள் கடந்துவிட்டன, ஜாக்குக்கு வயது ஏறவில்லை, தாடி மட்டும் வளர்ந்திருக்கிறது, வாள் தொலைந்துபோயிருக்கிறது. பத்து எபிசோடுகள் கழித்து மே 20 அன்று கதை உண்மையாகவே முடிந்தது. காமிக்ஸ் கணக்கில் இல்லாததாகிவிட்டது.

இதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. ஒரு படைப்பாளி தன் கதையைத் தான் நினைத்தபடி முடிப்பதற்கு முழு உரிமை உண்டு, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் யாரும் ஜாக்கை நினைக்காத ஆண்டுகளில் அவனை உயிரோடு வைத்திருந்தவை அந்த 20 இதழ்கள். அவற்றை வரைந்தவர் அவனை முதலில் வடிவமைத்த கூடத்திலிருந்தே வந்தவர். "இது அதிகாரபூர்வக் கதை இல்லையே" என்று யாராவது ஒதுக்கித்தள்ளும்போது, என் மனத்தாங்கலை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு நான் அந்த இதழ்களின் பக்கம்தான் நிற்பேன். என் மருமகன் ஜாக்குக்குள் வந்ததே அந்த வாசல் வழியாகத்தான்.

எனக்கு வேண்டியது என்ன என்று இப்போது சொல்லத் தெரிகிறது. மாத இதழ் வேண்டாம். ஒரே புத்தகம், 200 பக்கம், ஒரே கதை. பிரதி எழுதாமல், அந்தப் பழைய ஸ்டோரிபோர்டு ஓவியர்களில் ஒருவரிடம் கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுத்துவிட வேண்டும். அகுவுக்கு வேண்டிய அளவு பலூன் போடட்டும். ஜாக்குக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மாத இதழ் வியாபாரத்துக்கு வெளியே, முழுப் புத்தகமாகவே கிராஃபிக் நாவல்கள் விற்கும் காலம் இது. அப்படி ஒரு புத்தகத்தைச் சுமக்க இன்றைய சந்தைக்குத் தெம்பு இருக்கிறது. மருமகன் இதற்கும் உடன்படவில்லை. 200 பக்கமும் ஜாக் சும்மா நடந்துகொண்டே இருந்தால் தன்னால் படிக்க முடியாது என்கிறான். ஸப் எழுதிய ஜாக்தான் தனக்கு நண்பன், டிவி ஜாக் யாரோ பெரியவர் மாதிரி தள்ளி நிற்கிறார் என்கிறான். இப்போது எபிசோட் 40க்கு வந்திருக்கிறான், சாமுராயும் நிஞ்ஜாவும் மோதுவது. ஒருவன் நிழலுக்குள் மறைகிறான், மற்றவன் வெளிச்சத்துக்குள். வெள்ளை, கறுப்பு, இடையில் வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு நோட்டைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறான். இந்த முறை பென்சில் போதாது, மை வேண்டும் என்கிறான்.